சந்தலிக்குள் படுத்திருந்தவள்

சனோபரின் வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. பிறந்தபோது இருந்தது. போன குளிர்காலத்தில் அதைப் பறித்தவன் எர்காஷ், அவள் புருஷனுடைய அண்ணன். புருஷன் ஹம்ரோ செத்த ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் வந்து நின்று, "இந்த வீட்டை விட்டுப் போறியா இல்லையா?" என்று கேட்டான். "போகமாட்டேன்" என்றாள். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, வெறுங்காலோடு முற்றத்துப் பனியில் தள்ளிக் கதவைத் தாழ் போட்டான். "கொஞ்ச நேரம் குளிர்ல நில்லு கெலின், புத்தி வரும்" என்று உள்ளேயிருந்து சொன்னான். வீட்டுக்கு வந்த மருமகளைக் கெலின் என்று எத்தனையோ செல்லமாகக் கூப்பிடுவார்கள் நம் சமர்கந்தில். இவன் வாயிலிருந்து வந்தால் மட்டும் அது நாயை விரட்டுகிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஹோசியத் ஓபா, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக வந்து இழுத்துக்கொண்டு போகிறவரை சனோபர் நின்றாள். புத்தி வந்ததோ இல்லையோ, விரல் கறுத்து விழுந்துவிட்டது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று சொன்னவன் எர்காஷைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியும் அவள் ஏன் போகவில்லை? எங்கே போவாள்? பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. ஹம்ரோ விட்டுப்போனது இந்த இரண்டு அறை வீடும் ஒரு மலைப்பாம்பும்தான். ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு வெளியே நின்று, சுற்றுலா வருகிறவர்கள் தோளில் அந்தப் பாம்பைப் போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. பாம்பின் பேர் போனு. பெண். இரண்டு ஆள் நீளம், நல்ல ஆம்பிளையின் தொடைப் பருமன், உடம்பு முழுக்கக் காவியும் மஞ்சளுமாகக் கம்பளத்தில் நெய்த மாதிரி வட்டங்கள். ஹம்ரோ இருந்தவரை சனோபர் அதைத் தொட்டதே இல்லை. "என் சக்களத்தி" என்பாள். "அவளுக்கு மட்டும் விளக்கு, வெந்நீர், கண்ணாடி மாளிகை. எனக்கு அடுப்படி" என்பாள். ஹம்ரோ சிரிப்பான். அவன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு சக்களத்தி இவள் தலையில் வந்து விடிந்தாள்.

போனு இருந்தால் ரொட்டி இருக்கும். ரொட்டி இருந்தால் வீடு இருக்கும். போனு செத்தால் எர்காஷ் அன்றைக்கே இவளை வாரிக்கொண்டுபோய்ப் பஸ் நிலையத்தில் எறிவான். இது சனோபருக்கும் தெரியும், எர்காஷுக்கும் தெரியும், அந்தத் தெருவுக்கே தெரியும். பாம்புக்கு மட்டும்தான் தெரியாது.

வளர்க்கத் தெரியாமல் வளர்த்தாள். முதல் வாரமே முயலைத் தின்னக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சதுக்கத்தில் ஒரு ஜப்பான்காரர் கழுத்தில் போட்டதும், பாதி கரைந்த முயல் அப்படியே அவர் கோட்டில் வந்து விழுந்தது. அந்த நாற்றம் அவளுக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஹம்ரோவுக்குப் பாம்பு விற்றவன் தாஷ்கந்தில் இருக்கும் வீத்யா என்ற ருஷ்யன். அவனுக்குப் போன் போட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவான். "அடி கூறுகெட்டவளே, தின்னா ரெண்டு மூணு நாள் தொடாதே! நீ வயிறு முட்டச் சாப்பிட்டதும் உன்னை எவனாவது தலைகீழாத் தூக்கினா சும்மா இருப்பியா?"

அடுத்தது கடி. முயலுக்குப் புல் போட்ட கையோடு தண்ணீர்த் தொட்டியை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டாள். போனு வந்த வேகம் கண்ணில் படவில்லை. மணிக்கட்டில் பல்வரிசை இறங்கிவிட்டது, முழங்கைவரை இரண்டு சுற்று. ஹோசியத் ஓபா ஓலமிட்டாள். சனோபர் இன்னொரு கையால் வீத்யாவுக்குப் போன் போட்டாள்.

"தலையைப் பிடிச்சு இழுக்காதே! இழுத்தா இன்னும் இறுக்கும். வாலிலேருந்து பிரி, வால்ல அதுக்குப் பலம் கிடையாது. வாயில கொஞ்சம் வோட்கா ஊத்து, விட்டுடும்."

"வோட்காவா? இந்த வீட்டுல அதெல்லாம் இல்லை."

"வோட்கா இல்லாத வீட்டுல பாம்பு வளர்க்கிற முதல் ஆள் நீதான் தாயே. சரி, ஐஸ் தண்ணிக்குள்ள தூக்கி அமுக்கு. குளிர்ந்தா பிடி தளரும். ஆனா ரொம்ப நேரம் வைச்சுடாதே, அப்புறம் உனக்குக் கை இருக்கும், பாம்பு இருக்காது."

தளர்ந்தது. கையில் ரத்தம் வழிய உட்கார்ந்து சனோபர் அழுதாள். வலியால் அல்ல. "இத்தனை நாள் சோறு போட்டேன். என்னையே கடிச்சுட்டாளே, நன்றி கெட்டவ."

"நன்றியா?" வீத்யா சிரித்த சிரிப்பு போனில் கரகரத்தது. "அது உன்னைக் கடிக்கலைம்மா. உன் கையில முயல் வாசம் இருந்துச்சு. முயல் வந்துச்சு, பிடிச்சுது. அதுக்கு நீயும் ஒண்ணுதான், உலகத்துல எவனும் ஒண்ணுதான். பாசம், பகை ரெண்டும் கிடையாது. வாசம், சூடு, அவ்வளவுதான். கையை சோப்புப் போட்டுக் கழுவு. அதுக்கு அதுதான் மரியாதை."

அன்றிலிருந்து கழுவினாள். முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் போனுவைத் தொடுவாள். தொடத் தொடப் பழகியது. ராத்திரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்து, அன்றைக்கு எவள் எப்படிக் கத்தினாள், எவன் பயத்தில் எப்படி வியர்த்தான் என்று அதனிடம் கதை பேசுவாள். பாம்புக்குக் காது கேட்காது என்று ஹோசியத் ஓபா சொன்னதற்கு, "என் புருஷனுக்கு மட்டும் கேட்டுச்சா?" என்றாள்.

அப்புறம்தான் அந்தக் குளிர் வந்தது. கிழவர்களே கண்டதில்லை என்றார்கள். குழாய் வெடித்தது, காஸ் நின்றது, மின்சாரம் போனது. கண்ணாடிக் கூண்டின் விளக்கு அணைந்தது, அடியிலிருந்த சூட்டுத்தகடும் செத்தது. சனோபர் பெட்டியிலிருந்த மெத்தையெல்லாம் எடுத்தாள், கல்யாணத்துக்குத் தைத்த பட்டு மெத்தை உட்பட, எடுத்துப் போனுவைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றிவைத்தாள். நம் ஊரில் எது குளிர்ந்தாலும் மெத்தையைப் போட்டு மூடுவதுதானே வழக்கம்? பிள்ளையானாலும் சரி, ரொட்டி மாவானாலும் சரி. மூன்றாம் நாள் மெத்தையைப் பிரித்துப் பார்த்தால், போனு ஈரக் கயிறு மாதிரி கிடந்தாள். நாக்கு வெளியே வரவில்லை. தூக்கினால் தலை தொங்கியது.

போனில் கடைசிக் கோடு சார்ஜ் இருந்தது.

"மெத்தையா?" வீத்யா கத்தினான். "அடி மடச்சி! மெத்தை உனக்குச் சூடு குடுக்கும், ஏன்னா உன் உடம்புல அடுப்பு எரியுது. அதுக்குள்ள அடுப்பே இல்லையே! கல்லை மெத்தையில சுத்தினா கல்லு சுடுமா? வெளியிலேருந்து சூடு குடு. கணப்பு, வெந்நீர், ஏதாவது. நேரா நெருப்புல வைக்காதே, தோல் கருகினாகூட நகரத் தெரியாது அதுக்கு. இன்னொண்ணு கேளு. சூடு ஏறினதும் பசி ஏறும். எத்தனை நாளாச்சு தின்னு? அப்போ ஜாக்கிரதை. கையை..."

போன் செத்துவிட்டது.

மாமியார் காலத்துச் சந்தலி பரணில் கிடந்தது. தரையில் ஒரு குழி, குழியில் தணல், அதன்மேல் குட்டை மேசை, மேசைமேல் நாலு பக்கமும் தரையைத் தொடுகிற பஞ்சுப் போர்வை. குடும்பமே சுற்றி உட்கார்ந்து போர்வைக்குள் காலை நீட்டிக்கொள்ளும். காஸ் வந்த பிறகு யாரும் சீண்டுவதில்லை. சனோபர் குழியின் மூடியைப் பெயர்த்தாள். ஹோசியத் ஓபா தன் வீட்டுத் தணலில் பாதியை வாளியில் கொண்டுவந்து கொட்டினாள். தணல்மேல் சாம்பலைத் தூவி, சுற்றிலும் செங்கல் அடுக்கி, போனுவைச் செங்கலுக்கு வெளியே வளையமாகப் படுக்கவைத்துப் போர்வையை இழுத்து மூடினார்கள்.

"சந்தலியில பாம்பு!" என்று ஓபா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என் மாமியார் கல்லறையில புரண்டு படுப்பா. காலை உள்ளே விட்டுடாதேடி, பழக்க தோஷத்துல."

மத்தியானம் சனோபர் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டாகப் பிளந்த நாக்கு வெளியே வந்து, காற்றைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று. "வந்துட்டியாடி என் தங்கமே" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கதவு உடைந்தது.

எர்காஷுக்குக் கதவைத் தட்டத் தெரியாது, உதைக்கத்தான் தெரியும். இளவயதில் குராஷ் மல்யுத்தத்தில் மாவட்டத்தையே புரட்டிப் போட்டவன். பரிசுக் கிடாக்களைத் தின்றே வளர்ந்த கழுத்து. இடுப்பு வாரில் கத்தி, கையில் பாதி காலியான வோட்கா பாட்டில். கொலை செய்ய வந்தாலும் நம் ஊர்க்காரன் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். எர்காஷும் கழற்றினான். கம்பளிக் காலுறையோடு நேரே கண்ணாடிக் கூண்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தான்.

"எங்கே உன் சாத்தான்?"

"செத்துப்போச்சு அகா" என்றாள் சனோபர், அண்ணன் முறையை விடாமல். "புதைச்சாச்சு."

"புதைச்சியா? தரை கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. எதால தோண்டின, உன் பல்லாலயா?"

பதில் வருவதற்குள் அறை விழுந்தது. சுவரில் மோதி விழுந்தவளின் வயிற்றில் ஒரு உதை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. "செத்திருந்தா பொணத்தைக் காட்டு. பார்த்துட்டு உன்னைப் பஸ் ஏத்தறேன். உயிரோட இருந்தா எங்கே ஒளிச்சேன்னு சொல்லு. என் தம்பி பேரை ஊர்ல பாம்பாட்டிப் பேராக்கின சனியன் அது." இன்னொரு அறை. "ஹோசியத் வீட்டுலயா?"

"எங்கேயும் இல்லை."

பாட்டிலைத் தூக்கி ஒரு மிடறு குடித்தான். நடையில், குளிருக்குப் பயந்து சனோபர் உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த முயல்கூடை கண்ணில் பட்டது.

"செத்த பாம்புக்கு எதுக்குடி தீனி?"

கூடையை உதைத்துக் கவிழ்த்தான். நாலு முயல் சிதறி ஓடின. முதல் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தான். இரண்டாவதின் கழுத்தைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினான். "எங்கே?" என்று கேட்டான். "சொல்லு, எங்கே?" மூன்றாவது முயல் மூலையில் ஒடுங்கி நடுங்கியது. அதைக் காலால் மிதித்தான். ஒரு மிதியில் சாகவில்லை. முயல் கத்தும் என்பதே சனோபருக்கு அன்றைக்குத்தான் தெரியும், பிள்ளை வீறிடுகிற மாதிரி கத்தியது. மறுபடி மறுபடி மிதித்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் நின்று சதசதவென்ற சத்தம் வருகிறவரை மிதித்தான். நாலாவது முயல் தெருக்கதவு வழியாகத் தப்பி ஓடியது. காலுறை இரண்டும் கணுக்கால்வரை சிவப்பாக ஊறியிருந்தன. அவன் சிரித்தான். அவனைப் பெற்றவள் மட்டும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் கருவிலேயே கலைத்திருப்பாள்.

"ராத்திரிக்கு கபாப் போடு" என்றான். மூச்சு வாங்கியது. உடைந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே பாய்ந்தது. ஈரக் காலுறை சில்லிட்டிருக்க வேண்டும். காலை உதறினான். அறைக்குள் திரும்பிப் பார்த்தான். சந்தலி தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எங்கம்மா சந்தலி! இதைச் சொல்லக் கூடாதா?"

சனோபர் கையை ஊன்றி எழுந்தாள். "அகா, அதுல காலை வைக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

என்ன சொல்வாள்? பாம்பு என்று சொன்னால் போர்வையை விலக்கி அங்கேயே தலையைச் சீவுவான். சொல்லாவிட்டால்? ரத்தம் ஊறின காலுறை. தின்று எத்தனையோ நாளான போனு. சூடு ஏறின உடம்பு.

"வேண்டாம் அகா. சொன்னா கேளுங்க. வேண்டாம்."

"எங்கம்மா சந்தலியில நான் கால் வைக்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமா, தெருவுல பொறுக்கின நாயே?" மெத்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை வாயில் கவிழ்த்தான். "ஹா" என்றான். குனிந்துகூடப் பார்க்காமல், பிறந்ததிலிருந்து செய்த பழக்கத்தில், போர்வையைத் தூக்கி இரண்டு காலையும் உள்ளே நீட்டினான்.

கண் மூடித் திறப்பதற்குள் மேசை துள்ளியது.

எர்காஷ் முதலில் கத்தவில்லை. நெருப்பில் கால் பட்டது என்று நினைத்திருப்பான். காலை இழுத்தான். காலோடு சேர்ந்து போனு வந்தாள், பாதத்தை வாய்க்குள் கவ்வியபடி. மேசை கவிழ்ந்தது. தணல் தரையெங்கும் சிதறியது. அப்போதுதான் கத்தினான். இன்னொரு காலால் அதன் தலையை உதைத்தான். உதைத்த காலையும் சேர்த்து ஒரு சுற்றுப் போட்டது. எழுந்திருக்கப் பார்த்துத் தடாலென்று விழுந்தான். தொடையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுற்று மேலே ஏறிக்கொண்டே வந்தது. அவசரமே இல்லை, சாவதானமாக, கிணற்றுக் கயிறு உருளையில் ஏறுகிற மாதிரி.

மல்யுத்தக்காரனுக்கு என்ன தெரியும்? பிடியைப் பிடியால் உடைக்கத் தெரியும். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலம் கொண்டமட்டும் இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரு விரற்கடை இறுக்கியது. கத்தியை உருவிக் குத்தினான். பாதி குத்து பாம்புத் தோலில் வழுக்கி அவன் தொடையிலேயே இறங்கியது. ரத்தம் பீச்சியது. அந்த ரத்த வாசம் வேறு. மார்பில் சுற்று விழுந்ததும், காய்ந்த விறகு முறிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். விலா. கத்தி கைநழுவியது.

"வெட்டுடி!" என்றான். குரல் விசில் மாதிரி வந்தது. "தலையை... வெட்டு..."

சனோபர் முதலில் கெண்டித் தண்ணீரைக் கவிழ்த்து, கையால் தட்டித் தட்டிக் கம்பளத்தில் பிடித்த நெருப்பை அணைத்தாள். அதில் உள்ளங்கை வெந்தது. அப்புறம் கத்தியை எடுத்தாள். எடுத்து அறைக்கு வெளியே வீசினாள். வால் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, நுனியைப் பிடித்து ஒரு சுற்றைப் பிரித்தாள். "அசையாதீங்க! அசைஞ்சா சாவீங்க!" அவனா கேட்பான்? உயிர் போகிற வெறியில் துள்ளினான், முழங்கை வந்து அவள் மூக்கை உடைத்தது. பிரித்த சுற்று மறுபடி விழுந்தது. இன்னொரு ஆள் வேண்டும். "ஹோசியத் ஓபா!" என்று கத்தினாள். பதில் இல்லை, ஓபா தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றிருப்பாள்.

வோட்கா. வீத்யா சொன்னானே! பாய்ந்து பாட்டிலை எடுத்துப் போனுவின் வாயோரம் கவிழ்த்துக் குலுக்கினாள். ஒரு சொட்டு வந்தது. ஒரே ஒரு சொட்டு. கடைசிவரை உறிஞ்சித் தீர்த்திருந்தான் பாவி. அந்த வீட்டுக்குள் முதன்முதலாக வந்த வோட்கா, அதுவும் அவன் வயிற்றுக்குள் போய்விட்டது. அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது.

இனி குளிர் ஒன்றுதான் பாக்கி.

பின்கதவுக்கு வெளியே முற்றம், முழங்கால் உயரம் பனி. எந்தக் குளிரிடமிருந்து மூன்று நாளாகப் போனுவைப் பிடுங்கி வைத்தாளோ, அதே குளிர். செத்துப் பிழைத்த உடம்பு. இன்னொரு தரம் தாங்குமா? தாங்காது என்றுதான் அவளுக்குப் பட்டது. எர்காஷின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. நாக்குத் துருத்திக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யார் கேட்பார்கள்? காலை வைக்காதே என்று சொன்னாள், வைத்தான். கணக்கு முடிந்தது. சனோபர் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்துதான் விட்டாள், மறைப்பானேன். எத்தனையோ நாள் அவன் சாகவேண்டும் என்று அழுதிருக்கிறாள், இதோ சாகிறான்.

அவன் கண் அவளைப் பார்த்தது. உயிர் போகிற நேரத்தில் அந்தக் கண் ஹம்ரோவின் கண் மாதிரி இருந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே.

"நாசமாப் போறவனே!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். "நீயும் உங்கம்மா சந்தலியும்!"

இருவரும் கிடந்த மெத்தையின் முனையைப் பிடித்து இழுத்தாள். மனுஷனும் பாம்புமாகச் சேர்ந்து ஒரு மாட்டு எடை. வாசற்படியில் தலை இடித்தது, இடிக்கட்டும் என்று இழுத்தாள். முற்றத்தில் தள்ளிப் பனியை இரண்டு கையாலும் வாரி வாரிப் போனுவின்மேல் போட்டாள். தொட்டியில் மேலோடு உறைந்திருந்ததை உதைத்து உடைத்து, வாளி வாளியாக ஊற்றினாள். "விடுடி" என்றாள். "விட்டுடுடி என் ராசாத்தி, விட்டுடு." ஊற்ற ஊற்ற அழுதாள். உடம்பின் வட்டங்கள் மங்கிக்கொண்டே வந்தன. முதலில் மார்புச் சுற்று நெகிழ்ந்தது. எர்காஷ் கிணறு இரைகிற மாதிரி ஒரு மூச்சு இழுத்தான். வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசியில் தலை, பல் உள்வளைவு, பின்னால் இழுத்தால் கிழியும், முன்னால் தள்ளித் தூக்கினாள். பாதம் கந்தலாக வெளியே வந்தது.

போனு இரண்டு கையிலும் தொங்கினாள், காலையில் கிடந்த அதே ஈரக் கயிறாக.

எர்காஷ் இருமினான், ரத்தம் துப்பினான். பேச்சு திரும்பியது. உயிரைக் காப்பாற்றியவளிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "மண்வெட்டி எங்கே?" தவழ்ந்துபோய் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எட்டிப் பிடித்தான். "கீழே போடு அதை. ரெண்டு துண்டா வெட்டறேன். அப்புறம் உன்னை." உட்கார்ந்தபடியே வீசினான். சனோபர் பாம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். வெட்டு அவள் முதுகில் விழுந்தது. பருத்திக் கோட்டு கிழிந்து ரத்தம் சூடாக ஓடியது. பாம்புக்கு நன்றி கிடையாது என்கிறார்களே, அந்த வாயில் மண்ணைப் போட!

அவள் திரும்பி, வீக்கம் கண்டிருந்த அவன் விலாவில் ஒரே ஒரு உதை விட்டாள். சுண்டுவிரல் இல்லாத காலால். மண்வெட்டி கையைவிட்டுப் போயிற்று. அவன் சுருண்டான்.

உள்ளே போய் முற்றத்துக் கதவைத் தாழ் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவின் அடிப்பலகையில் கை தட்டியது. முதல் தடவையாகத் தட்டுகிறான். "கெலின்... கதவைத் திற. குளிருது. காலு உறையுது கெலின்."

சனோபர் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "கொஞ்ச நேரம் குளிர்ல நில்லுங்க அகா" என்றாள். "புத்தி வரும்."

ஹோசியத் ஓபா குடத்தோடு வந்துதான் தெரு ஆட்களைக் கூப்பிட்டாள். நாலு ஆள் அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மாடு மிதித்துவிட்டது என்று சொன்னானாம். மாவட்டத்தையே புரட்டியவன், தம்பி பெண்டாட்டி பிழைக்கவைத்தாள் என்று எந்த வாயால் சொல்லுவான்? பாதத்தைப் பார்த்த டாக்டர், "மாட்டுக்கு இத்தனை பல்லா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் நொண்டிக்கொண்டு இந்தத் தெரு வழியாகப் போகக்கூட அவனுக்கு முகம் இல்லை.

அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் சனோபர் வேறெதையும் யோசிக்கவில்லை. சிதறிய தணலை வாரிக் குழியில் போட்டாள். சாம்பல் தூவினாள், செங்கல் அடுக்கினாள், மேசையை நிமிர்த்தினாள். போனுவைத் துடைத்து உள்ளே வைத்துப் போர்வையை மூடினாள். முதுகில் ஓபா சாராயத் துணி வைத்துக் கட்டினபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சாராயமா? உங்க வீட்டுல இருந்துச்சா ஓபா?"

"மருந்துக்குடி" என்றாள் ஓபா, எங்கோ பார்த்துக்கொண்டு.

ஓபா போன பிறகு சனோபர் நடையில் கிடந்த முயல்களைப் பொறுக்கிக் கட்டி வெளியே வைத்தாள். வாளியில் ஐஸை உடைத்து, சோப்பை எடுத்து, முழங்கைவரை தேய்த்தாள். வெந்த உள்ளங்கை எரிந்தது. கையோடு நிற்கவில்லை. காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாதம், விரலிடுக்கு, கணுக்கால் எல்லாம் கழுவினாள். ஒன்றுக்கு மூன்று தரம் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம் மட்டும்தான்.

பிறகு மெத்தையில் உட்கார்ந்து, போர்வையைத் தூக்கி, வெறுங்கால் இரண்டையும் உள்ளே நீட்டினாள்.

பைத்தியக்காரத்தனம்தான். வீத்யா கேட்டிருந்தால் காதில் ரத்தம் வருகிற மாதிரி திட்டியிருப்பான். ஆனால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை; தூக்கித் தூக்கிப் பார்த்தால் சூடு வெளியே போகும். உள்ளங்காலில் போனுவின் உடம்பு பட்டது. கல். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னல் இருட்டியது. தெருவில் யாரோ மின்சாரம் வந்துவிட்டது என்று கத்தினார்கள், வரவில்லை. கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக இல்லாமல் போவதை அவள் நம்பவில்லை, கால்தான் மரத்துவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது சுண்டுவிரல் இருந்த இடத்தில், அந்த வழுவழுப்பான தழும்பில், மெல்லிசாக ஏதோ இரண்டு தரம் தொட்டது. நாக்கு. இவள் யார், தின்னலாமா கூடாதா என்று விசாரித்தது. சனோபர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு, போனு அவள் கணுக்காலைச் சுற்றித் தலையைச் சூட்டின் பக்கமாக வைத்துப் படுத்துக்கொண்டாள்.

பாசம் இல்லை, பகையும் இல்லை. கால் கழுவியிருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டில் அவளைத் தொட்டவர்களில் இவள் யார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொட்டது அது மட்டும்தான் என்று நினைத்தபோது சனோபருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கால் அசையாமல் அழுதாள்.